உருளைக்கிழங்குக் கொட்டகையில் ஒரு கூடாரம்

ஃபென்னா வந்த அன்று மழை இல்லை. அந்த வருடம் அப்படிப்பட்ட நாள்கள் குறைவு. கால்வாய்க் கரையில் அப்பா விட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில், கோடையில் கூடாரம் போட வருகிறவர்களுக்கு இடம் விடுவதுதான் என் பிழைப்பு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது லிண்டன் மரத்தடியைத்தான். ஃபென்னா காரைவிட்டு இறங்கி, பின்னால் இழுத்து வந்த மடிப்புக் கூடார வண்டியை அப்படியே விட்டுவிட்டு, புல்வெளியை ஒரு சுற்று நடந்து வந்தாள். இரண்டு மூன்று இடங்களில் குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள்.

"மரத்தடி காலியாத்தான் இருக்கு," என்றேன்.

"இருக்கட்டும் ரென்ஸ்கே. மழை விட்டாலும் மரம் விடாது, சொட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் பிசின், குருவி எச்சம். எனக்கு அந்த மேட்டைக் குடு."

"அங்க காத்து ஆளைத் தூக்குமே."

"தூக்கட்டும். என் கூடாரத்துக்குக் காத்துதான் சாப்பாடு."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "வீடு கிடைக்கிற வரைக்கும்," என்றாள், பஸ் வரும்வரைக்கும் என்பதுபோல.

அவளை எனக்கு முன்பே தெரியும். எங்கள் பக்கத்தில் அவளைத் தெரியாதவர்கள் யார்? கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்குவதும், போனதும் இறக்குவதும் அவள் வேலை. ஆரஞ்சு நிற மழைச் சட்டையோடு சைக்கிளில் ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்கு, படகுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பாள். "பாலத்தம்மா" என்றுதான் ஊரில் பேர். இத்தனை வருடம் தண்ணீரோடு உத்தியோகம் பார்த்தவளுக்கு வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தால் ஆகாது.

மடிப்பு வண்டியை அவளும் புருஷன் வுபோவும் மகள் சின்னவளாக இருந்தபோது வாங்கினார்கள். மூடினால் இடுப்பு உயரப் பெட்டி. திறந்தால் இரண்டு பக்கமும் படுக்கை விரிந்து, மேலே கித்தான் எழுந்து, முன்னால் ஒரு பந்தலும் வந்துவிடும். ஊர் ஊராய்ப் போய் அதை நிறுத்துவது வுபோவின் வேலை. காயவைப்பது இவள் வேலை. வீடு திரும்பியதும் அவன் குளித்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்காருவான். இவள் கார் நிறுத்தும் அறையில் வண்டியை ஒரு பக்கமாகத் திறந்து, அது காய்ந்ததும் மூடி, மறுபக்கத்தைத் திறப்பாள். முழுதாகத் திறக்க அங்கே இடம் போதாது.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே வுபோ சொல்லிவிட்டான்: பாட்டுக் குழுவில் ஒருத்தியோடு பழக்கம், அவளோடு போகப்போகிறேன் என்று. சண்டை இல்லை. வீட்டை விற்றார்கள். சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். வண்டி என்று வந்தபோது அவனே சொன்னானாம்: "நீயே வச்சுக்க. நான் தொட்டா பூஞ்சணம் பிடிச்சுடும்."

இதை என்னிடம் சொல்லிவிட்டு ஃபென்னா சிரித்தாள். "கல்யாணம் பண்ணின நாள்லேருந்து அந்த மனுஷன் உருப்படியாச் சொன்னது அது ஒண்ணுதான்டி."

குறைந்த வாடகை வீட்டுக்குப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எங்கள் நாட்டில் ஏராளம். வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். மகள் ஹில்யா உட்ரெக்ட் நகரத்தில் சின்ன அறை ஒன்றில் இருந்தாள். அங்கே போய் அவள் சோபாவில் படுத்துக்கொள்ள ஃபென்னாவுக்கு மனமில்லை. ஆகவே கித்தானுக்குக் கீழே குடித்தனம்.

அந்தக் கோடையில் பெய்த மழையை நான் என்னவென்று சொல்ல. மற்றவர்கள் சுருட்டிக்கொண்டு போனார்கள், புதியவர்கள் வந்தார்கள், அவர்களும் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஃபென்னா மேட்டில் இருந்தாள். அவள் கூடாரத்துக்குள் நுழைவதென்றால் பந்தலில் ஒரு மரப்பலகை மேல் நின்று பூட்ஸைக் கழற்ற வேண்டும். மழைச் சட்டை பந்தலோடு நின்றுவிடும். எங்கள் களிமண் கையில் பட்டால் பசைபோல ஒட்டும். அவள் தரையில் ஒரு பொட்டு மண் கிடையாது. உள்ளே அடுப்பு மூட்ட மாட்டாள். "கொதிக்கிற ஆவியெல்லாம் மேல போய் ஒட்டிக்கிட்டு, விடியும்போது மூக்குல சொட்டும்," என்பாள். எத்தனை குளிரானாலும் மேலே ஒரு சன்னல், கீழே ஒரு சன்னல் திறந்திருக்கும். எழுந்ததும் மெத்தைகளைச் சுவரில் சாய்ப்பதுபோல் நிமிர்த்தி வைப்பாள். துணி நனைந்து விறைக்கும்போது போய்க் கயிறுகளைத் தளர்த்துவாள். காய்ந்து தொய்ந்ததும் மறுபடி இழுத்துக் கட்டுவாள். மழை தெறித்துக் கீழ் ஓரத்தில் சேறு படிந்தால் வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும்தான்.

"சோப்பு போட்டுத் தேச்சா பளிச்சுனு போயிடுமே," என்று நான் ஒருமுறை வாளியோடு போனேன்.

"அழுக்கு போகும். அதோட மழையைத் தாங்குற பூச்சும் போயிடும். அப்புறம் நீயும் நானும் உள்ள குடை பிடிச்சு உக்காரலாம். எடுத்துட்டுப் போடி அதை."

கூரையை உள்ளிருந்து விரலால் தொட்டுவிட்டால் பிடித்தது சனி. நனைந்த துணியில் தொட்ட இடத்திலிருந்து சொட்ட ஆரம்பித்துவிடும். காபி குடிக்கப் போகிறபோதெல்லாம் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் டச்சு மொழியில், ஈரத்தோடு மடித்து வைத்த துணியில் விழும் கறுப்புப் பூஞ்சணப் புள்ளிகளுக்கும் வானிலைக்கும் ஒரே சொல்தான். ஃபென்னா அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். "அது" என்பாள்.

ஆகஸ்ட் பிறந்ததும் மழை நிற்காமல் பிடித்துக்கொண்டது. வயல்களில் தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. ஒரு காலையில் நான் எழுந்து பார்க்கும்போது பெரிய வாய்க்கால் கரை ததும்பிப் புல்வெளியில் பாதி மூழ்கியிருந்தது. பூட்ஸோடு ஓடி ஒவ்வொருவரையும் எழுப்பினேன். மேட்டில் ஃபென்னாவின் இடம் இன்னும் நனையவில்லை. ஆனால் வெளியே போகும் பாதை முழுகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் காரால் வண்டியை இழுக்க முடியாது.

அவள் ஒரு நிமிடம் கூடாரத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு மெத்தைகளையும் போர்வைகளையும் பிளாஸ்டிக்கில் சுற்றிக் காரில் ஏற்றினாள். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துக் கித்தானை மடித்தோம். மடிக்க மடிக்கத் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. மூடியை அழுத்திக் கொக்கியை மாட்டும்போது அவள் உதடு துடித்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டியை என் வீட்டு முற்றத்தில் நிறுத்தினோம். அவளுக்கு மாடி அறையைக் கொடுத்தேன். மகள் போனில் அழைத்தாள். "அம்மா, அதை வித்துத் தொலைச்சுட்டு இங்க வாம்மா," என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

"ஈர வண்டியை யாருடி வாங்குவா?" என்று சொல்லி ஃபென்னா போனை வைத்தாள். பிறகு என்னிடம், "நாளைக்கு, இல்லேன்னா மறுநாள் திறந்தாகணும், ரென்ஸ்கே. அதுக்கு மேல போனா அது வந்துடும். ஆனா எங்க திறக்க? வானமோ விடற மாதிரி இல்ல," என்றாள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஹெம்மோவின் கொட்டகைதான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவர் விதை உருளைக்கிழங்கு பயிரிடுகிறார். அறுவடையைக் கொட்டி வைக்க மாதா கோயில் அளவுக்கு ஒரு கொட்டகை. கிழங்கு அழுகாமல் இருக்கச் சுவர் முழுக்க ஆளுயர மின்சாரக் காற்றாடிகள். அறுவடைவரை அது காலி.

"ஹெம்மோகிட்டயா? நான் கேக்க மாட்டேன்," என்றாள் ஃபென்னா.

காரணம் ஊருக்கே தெரியும். இரண்டு அறுவடைக்கு முன் ஹெம்மோ கிழங்கு ஏற்றிய டிராக்டரோடு பாலத்துக்கு முன்னால் நின்றபோது, இவள் ஒரு பாய்மரப் படகுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டாள். படகோ ஆடி அசைந்து வந்தது. ஹெம்மோ இறங்கிவந்து, "சும்மா சுத்திப் பாக்க வர்றவனுக்கு வழி, வேலை செய்யறவனுக்குத் தடையா?" என்று கத்தினார். அவள் நிமிர்ந்தும் பார்க்காமல், "உங்க கிழங்கு அழுகுறதுக்குள்ள இறக்கிடுவேன்," என்றாள். விதைக்கிழங்குக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அதன்பிறகு அவர் பாலத்தில் போகும்போது அவளுக்குக் கை காட்டுவதில்லை. எங்கள் ஊரில் கை காட்டாமல் போவதென்றால் பெரிய விஷயம்.

நானே போனேன். ஹெம்மோ சமையலறைச் சன்னல் பக்கம் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஆஃப்கே காபி ஊற்றினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு, பாலத்தம்மாவா?" என்றார். திரும்பவில்லை. "வரச் சொல்லு. ஆனா அங்க ஒரே மண்ணு. அந்தம்மாவுக்கு ஒத்துவராது."

"ஒத்துவரலேன்னா அவங்களே கூட்டிக்கட்டும். உனக்கென்ன போச்சு?" என்றாள் ஆஃப்கே.

மறுநாள் காலையில் வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். ஃபென்னா கொட்டகை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். சுவரில் விரலை வைத்து இழுத்தாள். விரல் சாம்பல் நிறமானது.

"துடைப்பம் இருக்கா?"

"எதுக்கு?" என்றார் ஹெம்மோ.

"காத்தாடியைப் போட்டா இந்தத் தூசி அத்தனையும் என் ஈரத்துணியில வந்து ஒட்டும். காஞ்சிடும், ஆனா மண்சுவரா நிக்கும்."

"உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளதாம்மா விளையுது. அலமாரியில இல்ல."

"விளையட்டும். துடைப்பம் எங்க?"

அவள் அந்தக் கொட்டகையைக் கூட்டியதை நான் பார்த்தேன். முதலில் பெரிய கதவுகளை விரியத் திறந்து, காற்றாடிகளை ஓடவிட்டு, மேலே அடைந்திருந்த தூசியை வெளியே விரட்டினாள். பிறகு உத்தரம், சுவர், காற்று வரும் இடுக்குகள், கடைசியாகத் தரை. ஹெம்மோ கொஞ்ச நேரம் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். மழையில் வயலில் இறங்க முடியாது, வேறு வேலையும் இல்லை. பிறகு எங்கோ போய், காற்றைப் பீய்ச்சும் குழாய் ஒன்றை இழுத்து வந்து, அவளுக்கு எட்டாத மூலைகளை ஊத ஆரம்பித்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தும்மினார்கள். ஒருமுறை அவர் ஊதிய தூசி நேராக அவள் தலையில் போய் விழுந்தது.

"வேணும்னுதான பண்ணீங்க?"

"டிராக்டர்ல உக்காந்து காத்திருந்ததுக்கு இதுகூடப் பண்ணக் கூடாதா?"

அவள் முறைத்தாள். பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஈரத்துணியால் தரையைத் துடைத்து முடித்தபோது ஆஃப்கே கடுகு சூப்போடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "அடேயப்பா. ஹெம்மோ, நம்ம வீட்டைவிட இது சுத்தமா இருக்கே. நாம இங்க குடி வந்துட்டு, கிழங்கை வீட்டுல கொட்டிடலாம்."

வண்டியை நடுவில் நிறுத்தித் திறந்தார்கள். அது முழுதாக, இரண்டு படுக்கையும் பந்தலும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரு கூரைக்குக் கீழே விரிந்தது அதுதான் முதல் தடவை. துணி கறுத்துக் கனத்துத் தொங்கியது. ஹெம்மோ விசையைத் தட்டினார். மெல்ல மெல்லக் காற்று எழுந்து, தொங்கிய துணி அசைந்து உப்பியது. ஃபென்னா சுற்றிச் சுற்றி வந்து ஓரங்களைப் பிரித்துவிட்டாள், ஜிப்புகளைத் திறந்துவிட்டாள். தரைவிரிப்பைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தைத் துடைத்தாள்.

காய்ந்ததும் என் மாடி அறைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. மெத்தையைப் போட்டுக்கொண்டு கொட்டகையிலேயே தங்கிவிட்டாள். ஆஃப்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் மசாலாக் கேக்கோடு போனபோது, அவள் வேலையிலிருந்து வந்து, படுக்கை விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். மேலே தகரக் கூரையில் மழை கொட்டியது.

"கேக்குதா?" என்றாள்.

"காது அடைக்குது."

"இத்தனை வருஷமா மழைச் சத்தம் கேட்டா எனக்கு எழுந்திரின்னுதான் கேக்கும். கயிறைப் பாரு, சன்னலைப் பாரு, துணி எதுலயாவது ஒட்டுதா பாருன்னு. இப்பப் பாரு. நேத்திலேருந்து பெய்யுது. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கவில்லை. "வுபோ போனப்பகூட நான் இப்படி உக்காரலடி. ஏதாவது ஒண்ணைத் துடைச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

நான் கேக்கை வெட்டினேன். இருவரும் சாப்பிட்டபடி மழையைக் கேட்டோம்.

அந்த வாரக் கடைசியில் அவள் துணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோது, ஒரு படுக்கையின் தலைமாட்டில், மடிப்புக்குள், மிளகைத் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. உலர்ந்த பிரஷால் தட்டினாள், வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தாள். போகவில்லை. ஹெம்மோ குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா? வா, என் வயலைப் பாரு."

அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளத்து வயலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஒரு செடியைப் பிடுங்கினார். கிழங்கு கையோடு வரவில்லை, கூழாக வழிந்தது. அந்த நாற்றம் மூக்கை அறைந்தது. கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு அவர் நிமிரவே இல்லை.

"அன்னிக்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் ஃபென்னா.

"எந்த வார்த்தை?"

"அழுகுறதுன்னு."

"ஓ." அவர் மெல்ல நிமிர்ந்தார். "நீ முதுகைத் திருப்பினப்புறம் நான் சொன்னது அதைவிட மோசம். எஞ்சின் சத்தத்துல உனக்குக் கேக்கல."

"என்ன சொன்னீங்க?"

"ஆஃப்கேகிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

மேட்டு வயல் எப்படி என்று அவள் கேட்டாள். அங்கே தண்ணீர் நிற்கவில்லை, காற்று அடித்தால் பிழைக்கும் என்றார். மூவரும் அங்கேயும் போய்ப் பார்த்தோம். பிடுங்கிய செடியில் கிழங்கு கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. ஃபென்னா அதைச் சட்டையில் துடைத்துப் பார்த்தாள். கொட்டகையில் அத்தனை பாடு படுத்தியவள், சட்டையில் களிமண் அப்பியதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மாதக் கடைசியில் வானம் வெளுத்தது. பள்ளத்து வயல் போனது போனதுதான். மேட்டு வயலைக் காப்பாற்றினார்கள். அறுவடைக்குக் கொட்டகை வேண்டும் என்று அவர் சொல்வதற்கு முன்பே ஃபென்னா வண்டியை மூடி, காய்ந்த நிலையில், என் புல்வெளி மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாலத்தில் விதி மாறவில்லை. படகு வந்தால் தூக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அறுவடை முழுவதும் அவள் ஹெம்மோவுக்கு முன்கூட்டியே போன் செய்தாள்: "பாய்மரம் ஒண்ணு வருது. ஆமை வேகம். காபி குடிச்சுட்டுக் கிளம்புங்க." ஆஃப்கேவுக்கு அதில் ஒரே சிரிப்பு. புருஷன் இத்தனை காபி குடித்து அவள் பார்த்ததில்லை.

இலை உதிரும் சமயத்தில், யாரும் எதிர்பாராமல், ஃபென்னாவுக்கு வீடு கிடைத்தது. பக்கத்துச் சிறு நகரத்தில் மாடி வீடு. கால்வாய் தெரியும், வண்டி நிறுத்த இடம் கிடையாது. "வண்டி எங்க இயந்திரக் கொட்டகையில நிக்கட்டும்," என்றாள் ஆஃப்கே. "வாடகை வேணாம். வருஷத்துக்கு ஒருதடவை வந்து கொட்டகையைக் கூட்டிட்டுப் போ." கொஞ்சம் தயங்கிவிட்டு, "என்னையும் ஒருதடவை கூட்டிட்டுப் போ," என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். கல்யாணமான நாளிலிருந்து ஆஃப்கே பண்ணையைவிட்டு வெளியே ஓர் இரவும் தங்கியதில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றதைத் தவிர.

"கிழங்கை யாரு பாத்துக்குவா?" என்றார் ஹெம்மோ.

"அது உன் கிழங்கு," என்றாள் அவள்.

வசந்தத்தில், விதைப்பு முடிந்ததும், ஃபென்னாவும் ஆஃப்கேவும் மடிப்பு வண்டியோடு பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பக்கம் போனார்கள். போன நாள் முதல் திரும்பிய நாள்வரை மழை. திரும்பி வந்து என் சமையலறையில் உட்கார்ந்து ஆஃப்கே சொன்ன கதையை இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன். முதல் நாளே, "இந்தத் துணி எப்படித்தான் தண்ணியைத் தாங்குது!" என்று அதிசயப்பட்டு விரலால் கூரையை அழுத்தியிருக்கிறாள். சொட்ட ஆரம்பித்துவிட்டது, அவள் தலையணைக்கு நேர் மேலே.

"நான் நடுங்கிட்டேன். போச்சு, இவ என்னை இறக்கி விட்டுடப் போறான்னு நெனச்சேன். இவ என்ன பண்ணினா தெரியுமா? எழுந்துபோய் ஒரு காபிக் கோப்பையைக் கொண்டுவந்து அடியில வச்சா. வச்சுட்டு, 'சீட்டாட்டத்துல உன் முறை'ன்னா."

"வேற என்ன பண்ணச் சொல்றே? தொட்டாச்சு," என்றாள் ஃபென்னா.

திரும்பும்போது வண்டியை ஈரத்தோடுதான் மடித்தார்கள். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பொரித்த உருளைக்கிழங்கு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். கொட்டகை காலியாக இருந்தது. ஹெம்மோ அதைக் கூட்டி வைத்திருந்தார். மூலைகள் சரியில்லை என்று ஃபென்னா சொன்னாள். அவர் துடைப்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

இந்த வருடம் டென்மார்க் போகிறார்கள். அங்கேயும் மழைதான் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. ஆஃப்கே தனக்கென்று ஒரு ஜோடி புது பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறாள், சிவப்பில்.